எழுபது கிலோவுக்குள்

ஏப்ரல் 3, வியாழன்

இந்த இடத்தை அகாடமி என்று சொல்ல சென்னை ஆபீசுக்கு எப்படி மனசு வந்ததோ. ஆலங்குளம் தாண்டி, மூடிப்போன ஒரு எஞ்சினியரிங் காலேஜின் பாதிக் கட்டடம். சுற்றிலும் காற்றாலைகள், நடுவில் நாங்கள். முன்பு டிராயிங் ஹாலாக இருந்த இடத்தில் தடிமனான ரப்பர் மேட் விரித்துக் கபடி நடக்கிறது. ஹாஸ்டலில் பதினாறு பையன்கள். உருப்படியான கக்கூஸ் இரண்டு. சுவரில் மட்டும் டீம் லோகோ ஆளுயரத்துக்கு மின்னுகிறது. அதற்குப் பெயிண்ட் அடிக்கப் பணம் இருந்திருக்கிறது.

நான் வந்து ஒரு வாரம். என் வேலை அளப்பது. பையன்களின் எடை, ஓட்டம், நாடித்துடிப்பு, தூக்கம், சாப்பாடு எல்லாவற்றையும் அளந்து சென்னைக்கு அனுப்ப வேண்டும். பயோமெடிக்கல் முடித்து, மேலே விளையாட்டு அறிவியலும் படித்தவனுக்கு இது ஒரு வேலையே இல்லை. ஆனால் இங்கே இதுவரை யாரும் எதையும் ஒழுங்காக அளந்ததே இல்லை.

நிலைமை இதுதான். மே மாதம் மதுரையில் ஜூனியர் லீக். பதினெட்டு வயதுக்குள், எழுபது கிலோவுக்குள். அரையிறுதிக்கு வரும் டீம்களின் ஜூனியர் பிரிவுக்கு அடுத்த மூன்று வருடம் லீக்கே பாதிச் செலவைத் தரும். நாங்கள் வராவிட்டால் எங்கள் முதலாளி தன் கையிலிருந்து மொத்தத்தையும் போடமாட்டார். அவருக்கு டிவியில் வரும் பெரிய டீம்தான் டீம். ஜூன் மாதம் இங்கே பூட்டு. பதினாறு பேரும் வீட்டுக்கு.

மாஸ்டர் பெயர் ஆவுடைநாயகம். ஒரு காலத்தில் ரயில்வேக்கு ஆடியவர். ஐம்பது வயதாகிறது, இன்னும் மீசைக்கு மை. எதற்கும் அவரிடம் ஒரு ஒட்டுவேலை உண்டு. எடை மிஷின் ஹால் ஓரத்தில் இருக்கிறது. அங்கே டைல்ஸ் பெயர்ந்து குண்டும் குழியும். ஒரு கால் தரையில் படவில்லை என்று பிஸ்கட் பெட்டி அட்டையை மடித்து அடியில் சொருகி வைத்திருக்கிறார்.

"என்ன மாஸ்டர் இது?"

"ஆடாம நிக்குதுல்லா. பெறவு என்ன?"

அட்டையை உருவி எறிந்தேன். மிஷினைத் தூக்கி மேட் மேல் வைத்தேன். நாலு காலும் சமமாகப் பதிந்தது. இந்த ஒரு வாரத்தில் இங்கே நடந்த முதல் உருப்படியான காரியம்.

ஏப்ரல் 5

டயட் சார்ட் போட்டு இரண்டே நாள். உச்சிமாகாளி முந்தாநாள் காலையில் 72.9. இன்று 71.2. மற்ற பையன்களுக்கும் ஒன்று, ஒன்றரை இறங்கியிருக்கிறது.

"ரெண்டு நாள்ல இம்புட்டு இறங்குமா? தண்ணிதான் இறங்கியிருக்கும்" என்றார் மாஸ்டர். சார்ட்டை சுவரில் ஒட்டினேன். அது பதில் சொல்லும்.

உச்சிமாகாளி பற்றி எழுதிவைக்க வேண்டும், ஏனென்றால் எல்லாம் இவன் தலையில்தான் நிற்கிறது. கடையம் பக்கத்துக் கிராமம். பதினேழு வயது. மேலுடம்பு ஒல்லி, தொடை மட்டும் வேறு யாரிடமோ வாங்கி மாட்டியது போல. கபடி பாடிப் போனால் இவனைப் பிடிக்க எங்கள் டிஃபென்சில் நாலு பேர் வேண்டும். பெரிய டீமின் ரிசர்வ் பட்டியலில் ஒரே ஒரு ஜூனியருக்கு இடம் வைத்திருக்கிறார்கள். மதுரையில் ஆடினால் அது இவனுக்குத்தான். ஆடுவதற்கு எழுபதுக்குள் வரவேண்டும்.

"உச்சிக்கு எடை எல்லாம் தொடையிலதான் சார். ஒத்தத் தொடையக் கழட்டி வச்சிட்டு ஏறச் சொல்லுங்க" என்றான் ஒருத்தன். உச்சி சிரித்தான். எதற்கும் சிரிக்கிறான். எனக்கு அது பிடிக்கவில்லை. சிரிப்பவன் சார்ட்டைப் பின்பற்ற மாட்டான்.

ஏப்ரல் 14

வருடப் பிறப்பு. உச்சியின் அம்மா கோமு வந்திருந்தார். பீடி சுற்றுகிறவர். விரல் நுனியெல்லாம் மஞ்சள். இரண்டு பஸ் மாறி, ஒரு தூக்குவாளி நிறையப் பாயாசம் சுமந்து வந்திருக்கிறார்.

"இது கூடாதும்மா."

"ஒரு வாய் தின்னா என்ன சார் ஆவப் போவுது? வருசப் பொறப்புல்லா."

"ஒரு வாயில ஆரம்பிச்சாதான் ஒரு கிலோவுல வந்து நிக்கும்."

அவர் மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தான். "சார் சொல்லுதாவல்லா, விடும்மா" என்றான். தூக்குவாளியை நான் வாங்கி அறையில் வைத்துவிட்டேன். அவர் போன பிறகு வீணாக வேண்டாம் என்று நானே சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 17

மோட்டார் ரிப்பேர். குளிக்கத் தண்ணீர் இல்லை. மெக்கானிக் நாளை என்கிறான். நேற்றும் நாளை என்றான்.

ஏப்ரல் 22, செவ்வாய்

காலை எடை, உச்சி 70.1. நல்ல இறக்கம். மாலை ஓட்டம் முடிந்து வந்து நின்று, காலால் தரையைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"என்னடா?"

"சார், அரிசி வாங்கப் போனப்ப ரேஷன் கடைத் தராசுல ஏறிப் பாத்தேன். எழுவத்தொண்ணே முக்கால் காட்டுது."

"ரேஷன் கடைத் தராசை நம்புற ஒரே ஆள் இந்த மாவட்டத்துலயே நீதாண்டா."

ஹால் முழுக்கச் சிரிப்பு. "அதுல அரிசி மூட்டையே ரெண்டு கிலோ கூடத்தான்ல நிக்கும்" என்று ஒருத்தன் கத்தினான். "வீட்டுக்குப் போற வழியிலதான் கொறையும்!" மாஸ்டரே மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார். உச்சியும் சிரித்துவிட்டுப் போனான்.

ஆனால் இதை விடக்கூடாது. என் எண்ணைச் சரிபார்க்க ரேஷன் கடைக்குப் போகிற அளவுக்கு இவனுக்குச் சந்தேகம் என்றால், நாளை மற்றவர்களுக்கும் வரும். இனி வெளியே யாரும் எங்கும் எடை பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். ஒரே மிஷின், ஒரே நேரம், ஒரே உடை. அறிவியல் என்றால் அதுதான்.

ஏப்ரல் 30

சென்னையிலிருந்து மீரா மேடம். ஜூனியர் பிரிவு முழுக்க அவர் பொறுப்பு. கூடவே ஒரு கேமராமேன். ஸ்பான்சருக்குக் காட்ட ஒரு வீடியோ வேண்டுமாம். காலை முழுக்கப் பையன்களைப் புது ஜெர்சியில் நிற்க வைத்து, ஓட வைத்து, தொடையைத் தட்ட வைத்து எடுத்தார்கள். மதியம் ஜெர்சியைத் திரும்ப வாங்கி எண்ணிப் பெட்டியில் வைத்தார்கள்.

மேடம் மாஸ்டரிடம் அதிகம் பேசவில்லை. என் சார்ட்டுகளைப் பார்த்தார். "இதான் கிருபா எனக்கு வேணும். நம்பர்ஸ். போர்டு மீட்டிங்குல நான் எமோஷனைக் காட்ட முடியாது."

போகும்போது விளையாட்டாக மிஷின் மேல் ஏறினார். "அய்யோ, எனக்கு இந்த மிஷின் பிடிச்சிருக்கு! எங்க வீட்டு மிஷினை விட ரெண்டு கிலோ கம்மி!"

"வீட்டு மிஷின்தான் பொய் சொல்லுது மேடம்" என்றேன். சிரித்தார். கார் ஏறும் முன் சிரிக்காமல் ஒன்று சொன்னார். "அரையிறுதி. அதுக்குக் கீழ என்ன வந்தாலும் என்னால இங்க லைட் எரிய வைக்க முடியாது."

மே 4

கத்திரி ஆரம்பம். ஹாலில் மின்விசிறி சுற்றினால் சூடான காற்றுதான் வருகிறது. உச்சி இரவில் எழுந்து உட்கார்ந்திருக்கிறானாம். பசியில் தூக்கம் வரவில்லை என்று பக்கத்துக் கட்டில் பையன் சொன்னான். உதடு வெடித்திருக்கிறது. எலுமிச்சம்பழத்தை வாயில் ஒதுக்கி எச்சிலைப் பாட்டிலில் துப்பிக்கொண்டே திரிகிறான். இது மாஸ்டர் சொல்லிக் கொடுத்த வித்தை. அரைப் பாட்டில் துப்பினால் கால் கிலோவாம். அநாகரிகம். ஆனால் கணக்கு தப்பில்லை என்பதால் விட்டுவிட்டேன்.

மே 8, வியாழன்

புறப்படும் முன் கடைசி எடை. உச்சி 69.8. மதுரைக்குப் போகும் பன்னிரண்டு பேரும் எழுபதுக்குள். அட்டவணையை மீரா மேடத்துக்கு அனுப்பினேன். கட்டை விரல் ஒன்று பதிலாக வந்தது.

மாஸ்டர் உச்சியின் முதுகில் ஒரு தட்டு தட்டினார். "ஏலே, ராத்திரி ஒரு சொட்டு உள்ள போவக் கூடாது. காலைல எடை போட்டுட்டு உனக்கு நான் பரோட்டா வாங்கித் தாரேன்."

"எத்தன பரோட்டா மாஸ்டர்?"

"உன் தொடை நெறயுற வரைக்கும்ல."

வேனில் எழுதுகிறேன். கோயில்பட்டி வரப்போகிறது. பையன்கள் பாடுகிறார்கள்.

மே 9

இரவு பதினொன்றுக்கு மேல் ஆகிறது. ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும். பிறகு ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள்.

காலை எட்டு மணிக்கு எடை. லீக் ஆட்கள் போட்டிருந்தது பெரிய பிளாட்பாரம் மிஷின். எங்கள் பையன்கள் எல்லாருக்குமே கூடியிருந்தது. ஒருத்தனுக்கு ஒன்று, ஒருத்தனுக்கு ஒன்றரை. பயணம், கண்ட சாப்பாடு. ஆனால் மற்றவர்கள் எல்லாம் அறுபது, அறுபத்தைந்து கிலோ ஆட்கள், பாதகமில்லை. உச்சி ஏறினான். 71.5.

இறங்கி மறுபடி ஏறச் சொன்னேன். 71.5. ஜட்டியைத் தவிர எல்லாவற்றையும் கழற்றச் சொன்னேன். 71.3.

"உங்க மிஷினைச் சரிபார்த்திருக்கீங்களா?" என்று அந்த அதிகாரியைக் கேட்டேன். அவர் பக்கத்தில் நின்ற இரும்பு எடைக்கல்லைக் கண்ணால் காட்டினார். "பத்து மணிக்கு மறுபடியும் ஒரு சான்ஸ் உண்டு தம்பி. அதுக்கு மேல பேரை அடிச்சிருவேன்."

வெளியே வேப்பமரத்தடியில் மாஸ்டர் உச்சியின் சட்டையை அவனிடம் நீட்டினார். அப்புறம், "விட்டிருவோமா? பதினோரு பேரோட ஆடுவோம். பய அடுத்த வருசம் ஆடட்டும்" என்றார்.

"அடுத்த வருஷம் இவனுக்குப் பதினெட்டு தாண்டிடும் மாஸ்டர்."

"அது தெரியுது எனக்கு."

உச்சி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். "நான் ஓடுதேன் சார். இறக்கிருவேன்."

மீரா மேடத்துக்கு போன் போட்டேன். "கிருபா, முடியுமா முடியாதா? ஒரே வார்த்தை."

1.3 கிலோ, ஒன்றரை மணி நேரம். மல்யுத்தக்காரர்கள் இதைவிட அதிகம் இறக்கியிருக்கிறார்கள், படித்திருக்கிறேன். "முடியும்" என்றேன்.

இரண்டு ஸ்வெட்டர், மேலே ரெயின்கோட். மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டோம். அரை மணி நேரத்தில் 70.7. வேர்வை நின்றுவிட்டது. ஓட்டத்தில் இனி இறங்காது. வேன் வெயிலில் நின்றது. கண்ணாடியெல்லாம் ஏற்றி, அதற்குள் அடைத்தோம். அந்தக் காலத்தில் அவர்கள் ரயில்வேயில் இதைத்தான் செய்வார்களாம், மாஸ்டர் சொன்னார். நான் வெளியே ஸ்டாப்வாட்சோடு நின்றேன். உள்ளே உட்கார்ந்து கபடி மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருந்தான். ஒருமுறை கண்ணாடிப் பக்கம் வந்து வாயசைத்தான். "போதுமா சார்" என்று இருக்கலாம். ஐந்து விரலைக் காட்டினேன். தலையாட்டிவிட்டுத் திரும்ப உட்கார்ந்தான்.

கதவைத் திறந்தபோது சீட்டுக்கு நடுவில் கிடந்தான். உடம்பு அனலாகக் கொதித்தது, ஆனால் ஒரு துளி வேர்வை இல்லை. கண் திறந்திருந்தது. யாரையும் பார்க்கவில்லை. மாஸ்டர் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். அந்த மனுஷன் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

மதியம் இரண்டு மணி ஆட்டத்தைத் தள்ளிவைக்கக் கேட்கலாமா என்று மேடத்திடம் கேட்டேன். "டீம் ஆட இறங்கலைன்னா இடம் போயிடும் கிருபா" என்றார். பையன்கள் பதினோரு பேர் ஆடினார்கள். ஜெயித்துவிட்டார்கள்.

மே 10

கிட்னி இரண்டும் வேலை செய்யவில்லை. தசை சிதைந்து ரத்தத்தில் கலந்து அடைத்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். எனக்குத் தெரிந்ததுதான். உச்சியின் அம்மாவுக்கு நான்தான் விளக்கினேன். அவர் கடைசிவரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பசிக்குன்னு சொன்னானா சார்?" என்று கேட்டார்.

மே 12

அரையிறுதிக்கு வந்துவிட்டோம்.

மே 15

சம்பவ அறிக்கை. மூன்று பக்கம். மீரா மேடம் போனிலேயே திருத்தினார். முதலில், மிஷின் பற்றிய பத்தி. "அகாடமியின் எடைமானி புதியது, தினமும் ஒரே நேரத்தில் ஒரே நிலையில் பயன்படுத்தப்பட்டது" என்று எழுதியிருந்தேன். அது இருக்கட்டும் என்றார். வேன் பத்தியில் "அடைத்தோம்" என்று இருந்தது. "யாரு அடைச்சது? யோசனை யாரோடது?" என்றார். மாஸ்டருடையது. "அப்ப அடைத்தார்னு எழுதுங்க. தெளிவா இருக்கணும்."

தெளிவுதான் முக்கியம். சாவியும் அவர் கையில்தான் இருந்தது. ஐந்து விரல் விஷயம் தேவையற்ற விவரம், எடுத்துவிட்டேன்.

நான்கரைக்கு அனுப்பியாயிற்று.

மே 16

ஆலங்குளம் திரும்பினேன். ஹாலில் யாரும் இல்லை. மிஷினில் நான் ஏறிப் பார்த்தேன். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன்.

மேட் மேல் 74.0. வராந்தா சிமெண்டுத் தரையில் 75.7.

மூன்று முறை பார்த்தேன்.

மோட்டார் மறுபடி ரிப்பேர்.

மே 19

மாஸ்டரை நீக்கிவிட்டார்கள். மாநிலத்தில் எங்கும் ஐந்து வருடம் பயிற்சி கொடுக்கக் கூடாது. விசாரணையில் அவர் எதையும் மறுக்கவில்லையாம். "நான்தான் அடைச்சேன்" என்று மட்டும் சொன்னாராம். அப்படிப்பட்டவரிடம் பையன்களை விட்டிருந்ததே தப்பு. இதை முன்பே எழுதியிருக்கிறேன்.

மே 24, சனி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். உச்சியை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ். முகம் வீங்கியிருக்கிறது, கால் சூம்பிவிட்டது. அந்தத் தொடையைக் காணோம். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தான். அம்மா டீ வாங்கப் போகும்வரை காத்திருந்தான்.

"சார், ஒண்ணு சொல்லணும். ஏசக்கூடாது."

"சொல்லு."

"மதுரைக்குப் போகையில கோயில்பட்டியில வண்டி நின்னுச்சுல்லா. எல்லாவனும் டீ குடிக்க இறங்கினப்ப நான் பாத்ரூம் போனேன். அங்கன குழாய்ல தண்ணி குடிச்சிட்டேன் சார். தாங்க முடியல. அதான் கூடிட்டு. உங்க சார்ட்டு சரியாத்தான் இருந்துச்சு."

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒன்றரை லிட்டர் குடித்திருந்தால் கணக்கு சரியாக வரும்.

"எவ்வளவு குடிச்ச?"

"நாலஞ்சு கை இருக்கும் சார்."

நாலைந்து கை அரை லிட்டர்கூட வராது.

"சரி விடு" என்றேன்.

"மாஸ்டர்ட்ட சொல்லிட்டேன். அவரு அழுதுட்டாரு. என்னால அவருக்குல்லா வேல போச்சு."

வெளியே வரும்போது கோமு கூடவே வாசல்வரை வந்தார். "யாரு வந்தாலும் அதையே சொல்லுதான் சார். அவங்க அப்பா தலைமாட்டுல நின்னுக்கிட்டு ஏசுதாரு, ஒரு ராத்திரி பொறுக்க மாட்டியா, வாயக் கட்ட மாட்டியான்னு. நீங்க ஒரு வார்த்த அவருகிட்ட சொல்லப்பிடாதா? தாகத்துக்குத் தண்ணி குடிச்சது ஒரு குத்தமா சார்?"

குற்றமில்லை என்று சொன்னேன். கோமுவிடம் சொன்னேன். அப்பா அப்போது அங்கே இல்லை.

"அந்தத் தூக்குவாளி உங்கட்டதான் இருக்கா சார்? ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுவர ஆவும்."

கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. கழுவவே இல்லை. கொடுத்தனுப்புகிறேன் என்றேன்.

மே 25

தூக்குவாளியைத் தேய்த்துக் கழுவினேன். அடியில் பிடித்திருந்தது போக ஒரு மணி நேரம் ஆனது.

ஜூன் 6

லீக் பணம் உறுதியாகிவிட்டது. மூன்று வருடம். ஹாலுக்குப் புது டைல்ஸ் அடுத்த மாதம், கக்கூஸ் மேலும் நாலு. எனக்குப் பதவி உயர்வு. இனி ஜூனியர் பிரிவின் உடல்திறனும் பாதுகாப்பும் என் பொறுப்பு. தென் மாவட்டம் முழுக்கத் தேர்வு நடத்தி நாற்பது பையன்களை எடுக்கிறோம். எடை குறைப்பதில் பாதுகாப்பு என்ற தலைப்பிலேயே ஒரு ஸ்பான்சர் வந்திருக்கிறார். "இந்தச் சம்பவத்துல இருந்து ஒரு நல்லதாவது வரணும்ல கிருபா" என்றார் மேடம்.

உண்மைதான். நாற்பது பையன்கள். இப்போது எதையாவது கிளறினால் இந்தப் பணம் நிற்கும். யாருக்கு லாபம்? அவன் கிட்னி திரும்பி வருமா?

ஜூன் 12

மாஸ்டர் தன் சாமான்களை எடுக்க வந்தார். ஒரு டிரங்குப் பெட்டி, விசில், இரண்டு கோப்பை. மீசைக்கு மை போடவில்லை. வெள்ளையாக இருந்தது.

ஹால் வாசலில் நின்று உள்ளே பார்த்தார். மிஷின் இப்போது பழைய மூலையில், தரையில் இருக்கிறது. டைல்ஸ் இன்னும் மாற்றவில்லை. ஒரு கால் தூக்கிக்கொண்டு நின்றதால் அட்டையை மடித்துச் சொருகியிருக்கிறேன்.

அதன் பக்கத்தில் போய்க் குனிந்து அட்டையைத் தொட்டுப் பார்த்தார். மேட்டையும் பார்த்தார். கட்டை விரலால் அதை ஒரு அழுத்து அழுத்தினார். குழி விழுந்து மெல்ல மேலே வந்தது. இன்னொரு முறை அழுத்தினார்.

"எப்ப மாத்துனீரு?"

"போன மாசம்."

நிமிர அவருக்கு நேரமானது. நான் கை கொடுக்கப் போனேன். அவர் பார்க்கவில்லை.

"வேன்ல போட்டுப் பூட்டுனது நாந்தான். நூறு பேரு கேட்டாலும் அதத்தான் சொல்லுவேன். எனக்காவ நீரு ஒண்ணும் பேச வேண்டாம். அந்தப் பயகிட்டயாவது சொல்லிரும். தண்ணி குடிச்சதால இல்லன்னு."

பஸ் வந்துவிடும் என்றேன். பெட்டியைத் தூக்க உதவினேன். கனமாகத்தான் இருந்தது.

ஜூன் 28, சனி

இன்று வீடியோ. புதுப் பையன்களுக்குப் போட்டுக் காட்ட. யோசனை மீரா மேடத்துடையது. உச்சியே பேசினால்தான் பையன்கள் மனதில் பதியும் என்றார். அவனுக்கு இதற்கு ஒரு தொகையும் உண்டு, சிகிச்சைக்கு ஆகும். சொன்னதும் ஒத்துக்கொண்டான். "என்னால ஒருத்தனாவது தப்பிச்சா சரி சார்."

டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்து அழைத்து வந்தோம். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வேனிலிருந்து இறங்கினான். வேறு வேன். நாற்பது பையன்களும் ஹாலில் சுவரோரம் உட்கார்ந்து வாயைப் பிளந்து பார்த்தார்கள். லோகோவுக்கு முன்னால் நாற்காலி. புது ஜெர்சி. தோளிலிருந்து தொங்கியது.

வசனம் நான்தான் எழுதிக் கொடுத்தேன். சின்னதுதான். "எனக்குக் கொடுத்த திட்டத்தை நான் மீறினேன். யாருக்கும் தெரியாமல் தண்ணீர் குடித்தேன். அதனால் எடை கூடியது. நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள்." அவன் அதைத் தன் பேச்சில் சொன்னான். கேமராமேன் நன்றாக இருக்கிறது என்றான்.

இடைவெளியில் எழுந்து மெல்ல மூலைக்கு நடந்து போனான். மிஷினைப் பார்த்து நின்றான்.

"எடம் மாத்திட்டியளா சார்?"

நாற்பது பேர் இருந்தார்கள். மேடம் இருந்தார். அவன் அப்பா இருந்தார். சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான்.

"டைல்ஸ் போடப் போறாங்க. அதான்" என்றேன்.

சுவரைப் பிடித்துக்கொண்டு அதன் மேல் ஏறினான். எண் நிற்கும்வரை மூச்சைப் பிடித்தபடி நின்றான். நான் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். 54.6.

"பாத்தியளா சார், இப்ப எழுவதுக்குள்ள வந்துட்டேன்லா."

சிரித்தான். பையன்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவன் அப்பா மட்டும் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தண்ணீர் குடித்ததைச் சொன்ன இடத்தில் குரல் சரியாக விழவில்லை, இன்னொரு முறை வேண்டும் என்று கேமராமேன் கேட்டான். உச்சி வந்து உட்கார்ந்து, ஜெர்சியை இழுத்துவிட்டுக்கொண்டு, மறுபடியும் சொன்னான்.

இந்த முறை சரியாக வந்தது.